சிறை வாசலில் என் ஷூவைக் கழற்றிய தங்கச்சி

ஆம்பூரில் பைபாஸை விட்டு உள்ளே வந்தால் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று தெரியும். அது நான் கட்டியது. அதன் கீழே ஓடுகிற ஷூ சோல் யூனிட்டும் நான் ஆரம்பித்ததுதான். பேங்கில் என்னை உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லாத காலத்தில், யாரோ தூக்கிப் போட்ட பிரெஸ் மெஷின் ஒன்றைச் சரிபண்ணி ஆரம்பித்தேன். இன்றைக்கு எனக்கு உச்சரிக்க வராத ஊர்களில் எல்லாம் ஜனங்கள் என் சோல் மேல் நடக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவன் நான். தோல் வாடை அடிக்கிற தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் ஆபீஸ் ஆபீஸாக மேஜை மேல் வைத்தேன். பாதியில் நின்றுபோன சர்ச் மணிக்கூண்டை முடித்துக் கொடுத்தேன். ஆடு மாடு மேய்ந்துகொண்டிருந்த கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினேன். படிப்பு நாலாம் கிளாஸ். இதெல்லாம் நடக்காது என்று சொன்னவர்கள் பாதிப் பேர் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறார்கள்.

என் தங்கச்சியும் இப்போது அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறாள். ஒரு வருஷம் ஆகிவிட்டது.

இந்த நினைவு மலரை வாங்கிப் பார்க்கிற சொந்தபந்தங்களில் சின்ன வயசுக்காரர்களுக்கு என்னைவிடத் தங்கச்சியைத்தான் தெரியும். விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்துவைப்பதை எதிர்த்து அமைப்பு கட்டி, பேப்பரில் வந்தவள் அவள். அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்த அமைப்பு பிறந்த கதையில் என் பங்கு விட்டுப்போயிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

அச்சடிக்கிறவர்கள் ‘அம்மையார் அவர்கள்’ என்று எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் அப்படியே எழுதட்டும், அவளுக்கு அது தகும். எனக்குக் கை வரவில்லை. நான் இடுப்பில் தூக்கித் திரிந்தவளை அம்மையார் என்று எழுதினால் யாரோ ஒருத்தி செத்துப்போன மாதிரி இருக்கிறது.

நாங்கள் பிறந்தது பேரணாம்பட்டில். அப்பா தோல் பதனிடுகிற மண்டியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்குகிற ஆள். அம்மா வீட்டில் பீடி சுற்றினார்கள். தங்கச்சிக்குப் பொய் வராது. அது குணம் என்றுகூட அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை, ஏதோ ஊனம் மாதிரி நினைத்தோம். ஒருநாள் பீடி வாங்குகிற ஏஜெண்ட், கட்டைப் பிரித்துப் பார்த்து, இத்தனை லூசாக யார் சுற்றினது என்று சத்தம் போட்டார். இலை ஈரம், அதனால்தான் என்று அம்மா சமாளித்துக்கொண்டிருந்தார்கள். இவள் நடுவில் புகுந்து, “இலை நல்லாதான் கீது. அண்ணன் சுத்தினது அது” என்றாள். அன்றைக்கு எனக்கு விழுந்த அடி அம்மா கையால். இவள் பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக அழுதாள். காட்டிக்கொடுத்ததும் அவள்தான், அழுததும் அவள்தான். கடைசிவரைக்கும் அப்படியேதான் இருந்தாள்.

கல்யாணம் ஜோலார்பேட்டையில். மாப்பிள்ளை ரயில்வேயில் தண்டவாள வேலை, தங்கமான மனுஷன், மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கைப்பிள்ளையோடு ஆம்பூருக்கு என்னிடம் வந்தாள். உட்கார்ந்து சாப்பிடு என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற லைனில் சேர்ந்தாள். தையலைத் தூக்கிப் பார்க்காமல் விரலால் தடவியே எங்கே விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். நான் சோல்காரன், அவள் மேல்தோல்காரி. மேலே பார்க்காமல் நடந்தால் முட்டிக்கொள்வாய் என்று அவள் சொல்வாள். கீழே பார்க்காமல் நடந்தால் விழுந்துவிடுவாய் என்று நான் சொல்வேன். வீட்டில் இதே சண்டைதான்.

அவள் வேலை பார்த்த கம்பெனியை ஒருநாள் திடீரென்று மூடினார்கள். மெஷின்களை லாரியில் ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெண்கள் எல்லோரும் கேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் தங்கச்சி வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் குரலும் கொஞ்சம் ஜாஸ்தி. முன்னால் போய் நின்று நாலு வார்த்தை பேசினேன். தள்ளுமுள்ளு ஆனது, யாரோ விட்டெறிந்த கல்லில் லாரிக் கண்ணாடி உடைந்தது. முன்னால் நின்றவன் நான் என்பதால் என்னைத் தூக்கினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் என் செருப்பு ரெண்டும் போய்விட்டது. வெறுங்காலோடுதான் ஜீப்பில் ஏறினேன்.

கல் விட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. அது போகட்டும். ஜாமீன் கிடைத்து நாளைக்கு வெளியே வரவேண்டும் என்கிற நேரத்தில், குண்டர் சட்டத்தில் போட்டிருப்பதாகக் காகிதம் கொண்டுவந்து கொடுத்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதில் கேஸ் நடக்காது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. இவன் வெளியே இருந்தால் அமைதி கெடும் என்று எழுதினால் போதும், ஒரு வருஷம்வரைக்கும் உள்ளே வைக்கலாம். செய்ததற்கு அல்ல, செய்யப்போவதாக அவர்கள் நினைப்பதற்கு. வாழ்க்கையில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை நான். ஆயிரம் ஜோடிக்கு சோல் ஒட்டி ஒரு ஜோடி திரும்பி வந்ததில்லை என்று பேர் வாங்கியவன். என்னைப் பார்த்துக் குண்டர்.

எந்த ஸ்டேஷன், எந்த அதிகாரி என்று இங்கே எழுதமாட்டேன். நேரில் நிரூபிக்காமல் பேர் சொல்வது தங்கச்சிக்குப் பிடிக்காது.

வேலூர் ஜெயிலில் இருந்த மாதங்களில் ஒரு வாரம் தவறாமல் மனு போட்டு என்னைப் பார்க்க வந்தாள். என் வீட்டுக்காரி அழுதுவிடுவாள், பேச்சு வராது. இவள்தான் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று யூனிட் கணக்கிலிருந்து மாட்டுக்குத் தவிடு வரைக்கும் சொல்லுவாள். வேன் வைத்திருந்த பாய் எனக்குச் சின்ன வயதிலிருந்து தோஸ்த், அவர்தான் கூட்டிவருவார். வக்கீல்கள் எத்தனையோ பேர் கையை விரித்த பிறகு, அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்த ஒரு வக்கீலம்மா ஐகோர்ட்டில் மனுப் போட்டார். உத்தரவு ரத்து ஆனது.

நான் வெளியே வருகிற நாளைக்கு என்று தங்கச்சி ஒரு காரியம் செய்தாள். வெறுங்காலோடு போனவன் வெறுங்காலோடு வரக்கூடாது, முதலாளி மாதிரி வரவேண்டும் என்று, பஜாரில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ஷூ குவித்துப் போட்டு விற்கிற இடத்தில் கறுப்பு ஷூ ஒரு ஜோடி பொறுக்கி எடுத்தாள். சலவை செய்த வேட்டி சட்டையோடு காலையிலேயே உள்ளே கொடுத்தனுப்பிவிட்டாள். நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் குவியலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஜோடி கலந்து கிடக்கும். இவள் என்ன செய்திருக்கிறாள்? ரெண்டு ஷூவிலும் தையலைத் தடவிப் பார்த்திருக்கிறாள். தையல் சுத்தம். தோலின் நிறத்தை வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறாள். நிறமும் ஒன்று. திருப்பி சோலைப் பார்க்கவில்லை. மேல்தோல்காரி அல்லவா. சோலைப் பார்க்கிற ஆள் நான் உள்ளே இருந்தேன்.

இடதுகால் ஒன்பதாம் நம்பர், என் அளவு. வலதுகால் ஏழு.

கையில் வாங்கிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சோலைத் திருப்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, கனத்திலேயே தெரியும். விட்டுவிட்டு வெறுங்காலோடு போயிருக்கலாம். வாசலில் அவள் நிற்பாளே, முதலில் என் காலைத்தானே பார்ப்பாள் என்று நினைத்தேன். விரலை எல்லாம் மடக்கி அந்த ஏழுக்குள் என் காலை நுழைத்தேன். வேறு எவனாலும் முடிந்திருக்காது.

சின்னக் கதவு திறந்தது. வெளியே நல்ல கூட்டம். கம்பெனிப் பெண்கள், சர்ச் ஆட்கள், பாய், வக்கீலம்மா, கொடியோடு வந்திருந்த கட்சிக்காரர்கள், பேப்பர்காரர்கள் இரண்டு பேர். தலை நிமிர்ந்துதான் வந்தேன். ஆனால் வலதுகாலைத் தரையில் வைக்கிற ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வந்தது. நொண்டினேன். கூட்டம் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தது. பிறகு ஒரு பெண், “ஐயோ, அடிச்சிருக்கானுங்க” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான். கொடிக்காரர் கோஷம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். பேப்பர்காரர் ஓடிவந்து, “ஐயா, உள்ளே அடிச்சாங்களா?” என்று கேட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வாயையே திறக்கவில்லை, மேலே வானத்தைப் பார்த்தேன். ஷூ கடிக்கிறது என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அதோடு, ஒன்றும் செய்யாதவன் மேல் இத்தனை மாதம் பழி போட்டு வைத்தார்களே, அவர்கள் ஒருநாள் சுமக்கட்டுமே என்றும் மனசுக்குள் இருந்தது.

தங்கச்சி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கோஷம் காதைப் பிளக்கிறது. என் தோளைப் பிடித்து மெதுவாகக் கேட்டாள்.

“இன்னாண்ணா ஆச்சு காலுக்கு?”

“ஒண்ணும் இல்ல. வேனுக்கு நட.”

“உள்ள கை வெச்சாங்களா? என்னாண்ட சொல்லு.”

“இல்ல.”

“அப்புறம்?”

என் பார்வை கீழே போனதை அவள் பார்த்துவிட்டாள். அந்த இடத்திலேயே, அத்தனை பேர் நடுவில், தார் ரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். என் வலதுகால் ஷூவைப் பிடுங்கினாள், இடதையும் கழற்றினாள். ரெண்டையும் திருப்பி நம்பரைப் பார்த்தாள். கோஷம் தானாகக் குறைந்தது. எழுந்து, பேப்பர்காரர் முகத்துக்கு எதிரே ரெண்டு சோலையும் காட்டினாள்.

“என் அண்ணனுக்குக் கால்ல ஒண்ணும் இல்லங்க. யாரும் அடிக்கல. ஷூ அளவு மாறிப்போச்சு. வாங்கினது நான்தான்.”

கொடிக்காரருக்கு வந்ததே கோபம். கம்முனு இருந்திருந்தா நாளைக்கு ஊரே திரும்பிப் பார்த்திருக்கும், கெடுத்துட்டியேம்மா என்று அவளைப் பிடித்துக் கத்தினார். தங்கச்சி அவரைப் பார்த்துச் சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

“விசாரிக்காம ஒருத்தர் மேல பழி போட்டாங்கன்னுதானே இத்தினி நாளா நாம கத்தினோம்? இப்ப நாமளே விசாரிக்காம போட்டா, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கத்துறது?”

கூட்டம் கலைந்தது. ரெண்டு பேர் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் வெறுங்காலோடு நின்றேன். எந்தக் கோலத்தில் வரக்கூடாது என்று அவள் நினைத்தாளோ அதே கோலத்தில். வேனில் ஏறினோம். பாகாயத்தில் பாய் வண்டியை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். நான் டீயை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன், அவள் நீட்டிய பன்னை வாங்கவில்லை. அந்தக் கோபத்தை வீட்டிலும் நிறைய நாள் வைத்திருந்தேன். ஜெயில்காரன் கழற்றாத மானத்தை என் தங்கச்சி நடுரோட்டில் கழற்றிவிட்டாள் என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள், “கழட்டினது ஷூவதானே” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பேப்பரில் அது சின்னதாக வந்தது. வந்ததைப் படித்துவிட்டு குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா தேடி வந்தார்கள். லுங்கி நெய்கிற குடும்பம். அவர்கள் புருஷனையும் இதே சட்டத்தில் உள்ளே வைத்திருந்தார்கள். வாசலில் நின்று, “ஷூ மாறிப்போச்சுன்னு சொன்னாங்களே, அந்தம்மா வீடு இதுங்களா?” என்று கேட்டார்கள். நான்தான் அந்த ஷூ போட்டவன் என்றேன். அவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் என் புருஷனுக்காகப் பேசுகிறேன் என்கிறார்கள், ஆனால் இல்லாததையும் சேர்த்துப் பேசிவிட்டு அதில் மாட்டிக்கொள்கிறார்கள், உள்ளதை மட்டும் பேச ஒரு ஆள் வேண்டும் என்று தங்கச்சியிடம் சொன்னார்கள்.

அமைப்பு பிறந்தது அப்படித்தான். வக்கீலம்மா சட்டம் பார்த்தார். என் கட்டடத்தில் மேல்மாடி ரூமை நான் கொடுத்தேன். கீழே சோல் ஒட்டுகிற சொல்யூஷன் நெடி மேலே ஏறும், வருகிறவர்கள் எல்லாம் தலைவலி என்பார்கள், ஆனால் வருவது நிற்கவில்லை. தோல் மண்டி ஆட்கள், நெசவுக்காரர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், எல்லா மதத்திலும் சாதியிலும் உள்ளே போனவர்களின் பெண்டுபிள்ளைகள். இதில் நல்லவன் கெட்டவன் பார்க்க மாட்டாள் தங்கச்சி. தப்பு பண்ணியிருந்தா கேஸ் நடத்தித் தண்டனை குடு, நடத்தாம அடைக்காத என்பது அவள் பேச்சு. ஆனால் யாராவது ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் விடமாட்டாள். நீ பார்த்தியா, யார் சொன்னது என்று கேட்டுக் கேட்டுப் பேஜார் பண்ணுவாள். நோட்டீஸ் அடிக்கும் முன்னால் எவ்வளவோ வரியை அடித்துவிடுவாள். சப்பென்று இருக்கிறதே என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தச் சப்பென்ற பேச்சுக்கு என்ன மதிப்பு என்று பிறகுதான் பார்த்தேன். பேரணாம்பட்டைச் சேர்ந்த தோல் தொழிலாளி ஒருவரை உள்ளே பார்த்துவிட்டு வந்தவள், அவருக்கு விலா எலும்பு உடைந்திருக்கிறது, மூச்சு விட முடியவில்லை, அடித்ததாக அவரே சொல்கிறார் என்று எழுதிக்கொடுத்தாள். ஜெயில் ஆபீஸ் மேஜையில் இருந்த அதிகாரி, அவள் எழுதியதை ரெண்டாவது தடவை படிக்கவில்லை. “இந்தம்மா இல்லாததைச் சொல்ல மாட்டாங்க” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் கூடவே நின்றிருந்தேன். அந்த மனுஷர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். அடக்கத்தன்று பெட்டியின் தலைமாட்டைத் தூக்கி வந்தவர் அவர்தான்.

எனக்கும் அமைப்பில் ஒரு வேலை இருந்தது. யார் விடுதலை ஆனாலும் அவர் காலுக்குச் செருப்பு வாங்கி, சோலைத் திருப்பி ரெண்டு நம்பரும் ஒன்றா என்று பார்த்து உள்ளே கொடுத்தனுப்புவது. தங்கச்சி ஒவ்வொரு தடவையும் கேட்பாள், “பார்த்துட்டியாண்ணா?” அந்தக் கேள்வி இல்லாமல் இந்த ஒரு வருஷத்தில் மூன்று பேர் வெளியே வந்துவிட்டார்கள். மூன்று தடவையும் பார்த்துவிட்டு, கேட்பதற்கு ஆள் இல்லாமல் நின்றேன்.

கடைசியில் அவளுக்கு ரத்தத்தில் நோய். வேலூரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். உடம்பு பாதியாகிவிட்டது, பேச்சு பாதியாகவில்லை. ஒரு சாயங்காலம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“அண்ணா, அன்னிக்கு மாதிரி நடந்து காட்டேன்.”

“எந்த அன்னிக்கு?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த வார்டில் கட்டில்களுக்கு நடுவே, வலதுகாலை இழுத்து இழுத்து ஜன்னல்வரைக்கும் நொண்டிப் போய்த் திரும்பி வந்தேன். சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க இருமினாள். நர்ஸ் பொண்ணு ஓடிவந்து, தாத்தா காலில் என்ன, விழுந்துட்டீங்களா என்று என் கையைப் பிடித்தது. தங்கச்சி படுக்கையிலிருந்தே சொன்னாள்.

“என் அண்ணனுக்குக் கால்ல ஒண்ணும் இல்லம்மா.”

நர்ஸ் போன பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

“போடும்போதே தெரியும் இல்ல உனக்கு? சோல்காரன் நீ.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் போட்டே?”

“நீ வாங்கினதாச்சே.”

போர்வைக்கு மேல் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரத்திலேயே போய்விட்டாள்.

இப்போது காலையில் யூனிட் திறந்ததும் மாடிப்படியைப் பார்க்கிறேன். ரப்பர் செருப்பைச் சரசரவென்று தேய்த்துக்கொண்டு ஏறுவாள், காலைத் தூக்கி வை என்று கீழே இருந்து கத்துவேன். இப்போது ஏறுகிறவர்கள் எல்லோரும் காலைத் தூக்கித்தான் வைக்கிறார்கள். எனக்குக் கத்துவதற்கு ஒன்றும் இல்லை.

அவள் நோயில் இருந்தபோது ரத்தம் கொடுத்த கம்பெனிப் பெண்களுக்கும், ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட தங்கச்சி மகளுக்கும் அவள் புருஷனுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வேனை எடுத்த பாய்க்கும் அவர் பிள்ளைகளுக்கும், ஜெபித்த சர்ச் ஐயருக்கும், மருந்தைவிட அன்பாகப் பேசிய நர்ஸ் பிள்ளைகளுக்கும், குடியாத்தத்திலிருந்து புதுச்சேலையோடு வந்து அவளுக்குப் போர்த்திவிட்ட அந்த அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. எல்லோர் வீட்டிலும் நல்லது நடக்கட்டும்.

வக்கீலம்மாவுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் செய்ததற்கு எங்கள் தோலைச் செருப்பாகத் தைத்துப் போட்டாலும் தீராது. ஆனாலும் இந்த ஓராண்டு நினைவுக்கு அமைப்பின் சார்பில் நீங்கள் அடித்த நோட்டீஸில் ஒரு வரி இருக்கிறது. ‘அன்று சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவர் நொண்டினார், அவரது காலணியைக் கழற்றி உண்மையை உரைத்தார் அம்மையார்’ என்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. யாரம்மா அந்த ஒருவர்? அவள் அன்றைக்கு உண்மை சொல்வதற்கு, ஏழாம் நம்பருக்குள் ஒன்பதாம் நம்பர் காலை நுழைத்து ஒருத்தன் வலி தாங்கினான். அவன் நொண்டாமல் இருந்திருந்தால் உங்கள் அமைப்பு பிறந்திருக்காது. கட்டடம், குழாய், மணிக்கூண்டு, சுவர் என்று நான் கட்டிய எதிலும் என் பேரை எடுத்துவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை. இதை மட்டும் விடமாட்டேன். தங்கச்சியும் இதில் என் பக்கம்தான் நிற்பாள், ஏனென்றால் நடந்தது இதுதான். அடுத்த நோட்டீஸில் என் பேர்கூட வேண்டாம். ‘ஒருவர்’ என்பதை அடித்துவிட்டு ‘அவருடைய அண்ணன்’ என்று போடுங்கள்.